பேக்கப் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்து இங்கிருந்து ஆரம்பியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் சின்ன ஆபீஸ், நர்சிங் ஹோம், துணிக்கடை, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை யூனிட் என்று எங்கே போனாலும் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு சர்வர், அதற்குள் ஹைப்பர்-வி அல்லது விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு இரண்டு மூன்று விஎம் (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள்), வெளியே சில பில்லிங் கணினிகள், மேஜை ஓரத்தில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் அல்லது நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த டிஸ்க் பெட்டி). பழுதும் ஒரே மாதிரிதான் வருகிறது. அதனால் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் கையை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை: கடைசியாக நல்லபடியாக முடிந்த பேக்கப் எது என்று பார்த்து, அது இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, மேலே "தொடாதே" என்று எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள். சோதனை எல்லாம் வேறு டிஸ்க்கில். இருந்த ஒரே நல்ல பிரதியின் மேலேயே புது பேக்கப்பை ஓட்டிப் பார்த்து இரண்டையும் இழந்த இடங்கள் உண்டு.

அறிகுறி 1: ராத்திரி பேக்கப் ஓடவே இல்லை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி கணினியைப் பற்றியது இல்லை. ராத்திரி கடை அடைப்பது யார், மெயின் ஸ்விட்சை அணைக்கிறாரா என்று கேளுங்கள். "ஷார்ட் சர்க்யூட் ஆயிடக் கூடாதுன்னு நான்தான் சார் ஆஃப் பண்ணிட்டுப் போவேன்" என்று பதில் வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. பேக்கப் நேரத்தை இரவு 11 மணியிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள், அல்லது சர்வருக்கும் நாஸுக்கும் தனி லைன் இழுத்து அந்த ஸ்விட்சுக்கு டேப் ஒட்டுங்கள்.

கரண்ட் இருந்தும் ஓடவில்லை என்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து கடைசி ஓட்டத்தின் பலனைப் பாருங்கள். யூசர் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓடு என்று இருக்கும், யாரும் லாகின் செய்யாத ராத்திரியில் அது சும்மா கிடக்கும். தவறிய ஓட்டத்தைக் கூடிய சீக்கிரம் ஓட்டு என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள், இந்த ஊர் கரண்ட்டுக்கு அது கட்டாயம். அப்புறம் பாஸ்வேர்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருப்பார்கள், டாஸ்க்குக்குள் பழையதே இருக்கும். பேக்கப்புக்கென்று தனி யூசர் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் டிரைவ் எழுத்தையும் பாருங்கள். யாரோ பென் டிரைவ் செருகியதால் ஈ என்று இருந்தது எஃப் ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஆங்கில எழுத்துகளின் கடைசிப் பக்கமாக ஒன்றை (இசட் மாதிரி) நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

கணினியின் தேதி தப்பாக இருந்தால் மதர்போர்டு பேட்டரிதான் காரணம். சிஆர் 2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். தேதி பல வருடம் பின்னால் போனால் ஷெட்யூலர் குழம்பும், கிளவுட் இணைப்பும் சான்றிதழ் பிழை சொல்லி நின்றுவிடும். டொமைனில் (எல்லாக் கணினியின் லாகினையும் ஒரு சர்வர் சரிபார்க்கும் அமைப்பு) இருக்கும் கணினியில் 5 நிமிடம் வித்தியாசம் வந்தாலே லாகின் மறுக்கப்படும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை, ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பிழைகள் வரிசையாகச் சிவப்பில் நிற்கின்றன என்றால் நீங்களே தொடராமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் காலையில் கடை திறந்தும் முடியவில்லை

எந்த வேகத்தில் காப்பி ஆகிறது என்ற எண்ணைப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நொடிக்கு 11 எம்பி பக்கம் நின்றால் நெட்வொர்க் 100 எம்பிபிஎஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது, அந்த வேகத்தில் 1 டிபி முடிய 25 மணி நேரம் ஆகும். கிகாபிட்டில் 110 எம்பி பக்கம் வரவேண்டும், அதே 1 டிபி இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நொடிக்கு 30, 35 என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க் யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருக்கிறது, நீல நிறப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், காசே இல்லை.

கிகாபிட் ஸ்விட்ச், கிகாபிட் கார்டு எல்லாம் இருந்தும் 100-லேயே நிற்கிறது என்பது நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி பார்ப்பது. கேபிளைக் கழற்றி முனையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எட்டு பின்னில் ஒன்றிரண்டின் மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும், உப்புக் காற்றின் வேலை அது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் அந்த இரண்டைத் தவிர வேறு ஒரு ஜோடி செத்தாலும் நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், லைட்டும் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது, பேக்கப் மட்டும் நகராது. அரை அடி வெட்டிவிட்டுப் புது ஜாக் அடித்தால் போதும். சுவருக்குள்ளிருக்கும் ஜாக்கும் பூத்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

கேபிள் சரி, போர்ட் சரி, ஆனால் ஆரம்பத்தில் வேகமாகப் போய் பத்து இருபது ஜிபிக்கு அப்புறம் படுத்துவிடுகிறது என்றால் அந்த டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதுவது) இருக்க வாய்ப்பு அதிகம். மலிவான எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் பல அப்படித்தான், தொடர்ச்சியாக நிறைய எழுதினால் திணறும். இரண்டாவது பிரதிக்கு அதை வைத்துக்கொள்ளலாம், தினசரி பேக்கப்புக்கு, தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஏதாவது ஒன்றில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட இடம்), பெண்டிங் செக்டர் (படிக்கமுடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடம்) இரண்டிலும் பூஜ்யம் இருக்கவேண்டும். பெண்டிங் செக்டர் எண் வாரா வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை மாற்றியே ஆகவேண்டும், அதில் இருப்பதை முதலில் காப்பி எடுங்கள்.

கிளவுடுக்குப் போகும் பேக்கப் முடியவில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு: அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் 500 ஜிபி போக நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் இடைவிடாமல் போனால். முதல் முழு பேக்கப்பை லோக்கல் டிஸ்க்கில் எடுத்துவிட்டு, முக்கியமான டேட்டாபேஸையும் அன்றன்றைய மாற்றத்தையும் மட்டும் மேலே அனுப்புங்கள்.

அறிகுறி 3: விஎஸ்எஸ் பிழை, ஸ்நாப்ஷாட் எடுக்க முடியவில்லை என்கிறது

விண்டோஸ் சர்வரிலும், உள்ளே விண்டோஸ் ஓடும் விஎம்மிலும் வருவது இது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அந்த நொடியில் இருந்தபடி படம் பிடித்து (அதுதான் ஸ்நாப்ஷாட்) பேக்கப்புக்குக் கொடுக்கும் விண்டோஸ் வசதிதான் விஎஸ்எஸ். முதலில் சி டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் அடைப்பு. அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு பேக்கப் மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள். முந்தைய டெக்னீஷியன் போட்டுவிட்டுப் போனது ஒன்று, நீங்கள் போட்டது ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்நாப்ஷாட் கேட்டால் ஒன்று தோற்கும்.

இரண்டும் இல்லையென்றால் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் என்று கொடுங்கள். எல்லா ரைட்டரும் (ஒவ்வொரு மென்பொருளையும் ஸ்நாப்ஷாட்டுக்குத் தயார் செய்யும் பகுதி) ஸ்டேபிள் என்று வரவேண்டும். எது ஃபெயில்டு என்று வருகிறதோ அதற்குரிய சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) ரைட்டர் என்றால் எஸ்க்யூஎல் விஎஸ்எஸ் ரைட்டர் சர்வீஸ். கடை மூடிய பிறகு சர்வரையே ஒருமுறை ரீபூட் செய்வது இன்னும் சுலபம், பல நேரம் அதிலேயே தெளிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் ரீபூட் செய்தால்தான் ஓடுகிறது என்ற நிலை வந்தால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், உள்ளே வேறு கோளாறு இருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்கள்.

ஈஎஸ்எக்ஸ்ஐ இலவசப் பதிப்பில் இருப்பவர்கள் இங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த உரிமத்தில் பேக்கப் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஏபிஐ (வெளி மென்பொருள் உள்ளே பேசும் வழி) கிடையாது, எந்த மென்பொருளை மாற்றினாலும் அதே பிழைதான். விஎம்முக்குள்ளேயே ஏஜென்ட் (உள்ளிருந்தே பேக்கப் எடுக்கும் மென்பொருள்) போட்டு, சாதாரணக் கணினியை எடுப்பது மாதிரி எடுங்கள். அல்லது ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுங்கள், அதில் விஎம் பேக்கப் கூடவே வருகிறது. ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட்டை மட்டும் விஎம்முக்குள் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: விஎம் திடீரென்று நின்றுவிட்டது, டிஸ்க்கில் இடமில்லை என்கிறது

ஹைப்பர்-வியில் பாஸ்டு-கிரிட்டிக்கல் என்று காட்டும். காரணம் அநேகமாகப் பழைய செக்பாயிண்ட், விஎம்மின் ஸ்நாப்ஷாட்டுக்கு ஹைப்பர்-வி வைத்திருக்கும் பெயர் அது. அப்டேட் போடும் முன் யாரோ ஒன்று எடுத்திருப்பார்கள், அப்புறம் மறந்திருப்பார்கள், அன்றிலிருந்து எழுதப்படுவதெல்லாம் ஏவிஹெச்டிஎக்ஸ் கோப்பில் சேர்ந்துகொண்டே போயிருக்கும். விஎம்வேரில் இதே கதை டெல்டா கோப்புகளாக நடக்கும். ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பி வருடக்கணக்கில் விட்டுவைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. மூல டிஸ்க் கெட்டால் ஸ்நாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இடம் வேண்டும் என்று ஃபோல்டரைத் திறந்து அந்த ஏவிஹெச்டிஎக்ஸையோ டெல்டாவையோ கையால் டெலீட் செய்துவிடாதீர்கள். செக்பாயிண்ட் எடுத்த நாளிலிருந்து நடந்த அத்தனை வேலையும் அதில்தான் இருக்கிறது. அதே டிரைவில் கிடக்கும் ஐஎஸ்ஓ, பழைய இன்ஸ்டாலர், இவற்றை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி இடம் உண்டாக்குங்கள். பிறகு ஹைப்பர்-வி மேனேஜரிலேயே செக்பாயிண்டை டெலீட் கொடுத்தால் அது தானே மெர்ஜ் ஆகும், பெரியதாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும், நடுவில் அணைக்காதீர்கள், யூபிஎஸ் தாங்குமா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பேக்கப் மென்பொருள் விட்டுப்போன ரெக்கவரி செக்பாயிண்டுக்கு ரைட் கிளிக்கில் டெலீட் வராது, பவர்ஷெல்லில் ரிமூவ்-விஎம்ஸ்நாப்ஷாட் மூலம்தான் எடுக்கவேண்டும். விஎம்வேரில் கன்சாலிடேட் என்ற தேர்வு இருக்கிறது. மெர்ஜ் பாதியில் நின்று செயின் உடைந்துவிட்டது என்ற செய்தி வந்தால் கையை எடுத்துவிடுங்கள், கோப்புகளை அப்படியே ஒரு காப்பி எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

செக்பாயிண்ட் இல்லை, ஆனால் எஸ்க்யூஎல்லின் எல்டிஎஃப் கோப்பு (மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக்) டேட்டாவை விடப் பல மடங்கு வளர்ந்திருக்கிறது என்றால், டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை பழைய குறிப்புகளை விடாத அமைப்பு) இருந்தும் லாக் பேக்கப் எடுக்கப்படவில்லை என்று பொருள். லாக் பேக்கப் ஓட்டுங்கள். எல்டிஎஃப்பை டெலீட் செய்யாதீர்கள்.

அறிகுறி 5: விண்டோஸ் அப்டேட் ஆனதும் நாஸ் காணாமல் போய்விட்டது

ஐபி எண்ணை பிங் செய்தால் பதில் வருகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் நாஸ் கெடவில்லை. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர் பகிரும் முறை) சைனிங், அதாவது போகும் வரும் செய்திக்குக் கையொப்பம், கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் அனுமதியும் புரோ பதிப்பில் நிறுத்தப்பட்டுவிட்டது. நாஸில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, அதன் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டும் தெரிந்த கிழட்டு நாஸ் என்றால் மாற்றிவிடுங்கள். அதற்காக விண்டோஸில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுவது வேண்டவே வேண்டாம்.

அறிகுறி 6: ரீஸ்டோர் முடிந்தது, ஆனால் பூட் ஆகவில்லை

பழைய சர்வர் போய்விட்டது, இமேஜை (முழு டிஸ்க்கின் பிரதி) வேறு கணினியிலோ விஎம்மிலோ இறக்கியிருக்கிறீர்கள். பூட் டிஸ்க்கே இல்லை என்று சொன்னால் யூஇஎஃப்ஐ (புது பூட் முறை), லெகசி (பழைய முறை) இரண்டில் எது என்று பாருங்கள். பழையது எதில் இருந்ததோ புதியதும் அதிலேயே இருக்கவேண்டும். ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 என்றால் லெகசி, ஜெனரேஷன் 2 என்றால் யூஇஎஃப்ஐ, விஎம் உண்டாக்கிய பிறகு இதை மாற்ற முடியாது. தப்பாக உண்டாக்கியிருந்தால் விஎம்மை நீக்கிவிட்டு அதே டிஸ்க்கை வைத்துப் புதிதாக உண்டாக்குங்கள்.

விண்டோஸ் சின்னம் வந்து நீலத் திரையில் இன்அக்சஸபிள் பூட் டிவைஸ் என்று நின்றால் அது டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் சமாசாரம். பயாஸில் சேட்டா மோடை ஏஹெச்சிஐ, ரெய்டு என்று மாற்றிப் பாருங்கள். ஆகவில்லையென்றால் பேக்கப் மென்பொருளின் ரெஸ்க்யூ மீடியாவில் வேறு ஹார்டுவேருக்கு இறக்கும் வசதி இருக்கும், அதில் புது கன்ட்ரோலரின் டிரைவரைக் கொடுங்கள்.

48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி கேட்டால் சாவி இல்லாமல் வழியே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ டொமைனிலோ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

பூட் ஆகிவிட்டது, ஆனால் பில்லிங் கணினிகள் சர்வரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் புது நெட்வொர்க் கார்டுக்குப் பழைய நிலையான ஐபி வரவில்லை, கையால் கொடுங்கள். கணக்கு மென்பொருள் உரிமம் இல்லை என்று சொன்னால் அது ஹார்டுவேர் மாறியதால், மறுபடி ஆக்டிவேட் செய்யவேண்டும். யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சாவி) வைத்து ஓடும் மென்பொருளாக இருந்தால் கவனம்: ஹைப்பர்-வியில் யூஎஸ்பியை நேரடியாக விஎம்முக்குள் கொடுக்க முடியாது. ஈஎஸ்எக்ஸ்ஐயிலும் ப்ராக்ஸ்மாக்ஸிலும் முடியும். இதைத் திட்டம் போடும்போதே யோசிக்காமல், சர்வர் செத்த நாளில் கண்டுபிடிப்பது பெரிய கொடுமை.

டொமைன் கன்ட்ரோலர் (டொமைனின் லாகின் சர்வர்) ஒன்றுக்கு மேல் இருக்கும் இடத்தில் அதில் ஒன்றைப் பழைய இமேஜிலிருந்து இறக்கப் போகிறீர்கள் என்றால் அது நேராக ஆளைக் கூப்பிடும் கட்டம்.

அறிகுறி 7: எல்லாம் திறக்கிறது, டேட்டா மட்டும் பழசு, அல்லது டேட்டாபேஸ் கெட்டுப்போயிருக்கிறது

ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூஎல்லின் எம்டிஎஃப் (டேட்டா) கோப்பை நேராகக் காப்பி அடித்திருந்தால் இப்படி ஆகும். டேட்டாபேஸை அதன் சொந்த பேக்கப் கட்டளையால் பிஏகே கோப்பாக எடுத்து, அதற்கப்புறம்தான் அந்தக் கோப்பை வெளியே காப்பி செய்யவேண்டும். டேலி மாதிரி கோப்புகளில் எழுதும் மென்பொருள் என்றால் எல்லாரும் வெளியே வந்த பிறகு எடுங்கள்.

ரோபோகாப்பியில் (விண்டோஸின் காப்பிக் கட்டளை) மிரர் போட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இங்கே ஒரு ஃபோல்டரை யாராவது அழித்தால், அடுத்த ஓட்டத்தில் அங்கேயும் அழியும். ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டும் அப்படித்தான், ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், தப்பாக அழித்ததை உடனே இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவைக்கும். தேதிவாரியாகப் பல பதிப்புகள் நிற்கும்படி மாற்றுங்கள்.

அறிகுறி 8: கோப்புகளின் பெயர் எல்லாம் மாறியிருக்கிறது, பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கிறது

ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், சர்வர், நாஸ், எல்லாக் கணினியும். பேக்கப் டிஸ்க்கைச் செருகிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், செருகிய டிஸ்க்கும் போகும். கெட்ட கோப்புகளை அழிக்காதீர்கள், நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகத் திறக்கும் கருவி இருக்கிறது, இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். நிறுவனங்கள் இது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் கொடுங்கள். எப்படி உள்ளே வந்தான் என்று தெரியாமல் ரீஸ்டோர் செய்தால் மறுபடி வருவான், வெளியே திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப்தான் பல இடங்களில் வாசல். இதில் ஆரம்பத்திலிருந்தே தொழில் தெரிந்தவர் கூட இருக்கவேண்டும்.

அறிகுறி 9: டிஸ்க் சத்தம் போடுகிறது, அல்லது தண்ணீரில் நனைந்துவிட்டது

டக் டக் என்ற சத்தம் கேட்டால் உடனே கரண்டை எடுங்கள். ஒருமுறை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று போடுகிற அந்த ஒருமுறையில்தான் தகடு கீறுகிறது. மென்பொருள் எதுவும் இதற்கு உதவாது.

நனைந்த டிஸ்க்குக்கு வெயில், ஹேர் டிரையர், அரிசிப் பானை எதுவும் வேண்டாம். உள்ளே வண்டல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மீட்பது இன்னும் கஷ்டம். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, க்ளீன் ரூம் (தூசி இல்லாத அறை) உள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள், சென்னையில் இருக்கின்றன. செலவு அதிகம், பேக்கப் இல்லாவிட்டால் மட்டும் இந்த வழி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீட்டருக்கு மேல் பெய்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. தரையில் வைத்த சர்வரும், அதன் தலையிலேயே வைத்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே நனையும். சர்வரை மேஜை உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள், இன்றே செய்யக்கூடியது அது.

அறிகுறி 10: எந்தப் பிழையும் இல்லை, தினமும் சக்சஸ் என்று மெயில் வருகிறது

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த அறிகுறிதான். கடைசியாக எப்போது ஒரு விஎம்மை முழுதாக இறக்கிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெட்வொர்க் கார்டைத் துண்டித்த நிலையில் ஒரு விஎம்மை வேறு பெயரில் இறக்குங்கள் (துண்டிக்காவிட்டால் ஒரே பெயர், ஒரே ஐபியோடு இரண்டு சர்வர் சண்டை போடும்), நேற்றைய கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இறக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதலாளியிடம் இரண்டு கேள்வி. எவ்வளவு நேர வேலையைத் திரும்ப உட்கார்ந்து போட முடியும்? எத்தனை மணி நேரம் சர்வர் இல்லாமல் தாங்குவீர்கள்? மருந்துக்கடைக்காரர் ஒரு மணி நேரம் என்பார், அவருக்குத் தயாராக இரண்டாவது இயந்திரம் வேண்டும், டேட்டாபேஸ் பேக்கப் மணிக்கொருமுறை ஓடவேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் ஒரு நாள் தாங்கும், ராத்திரி பேக்கப் போதும். இதைக் கேட்காமல் மென்பொருள் வாங்குவது காசுக்குக் கேடு. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்கவேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியே என்ற விதி எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த "வெளியே" எங்கே என்பதில்தான் நம் ஊரில் கோட்டை விடுகிறார்கள். கடலூர் ஆபீஸின் பிரதியைப் புதுச்சேரி கிளையில் வைத்தால் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான் தூரம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டு ஊரையும் சேர்த்தே அடித்தது. வெளிப் பிரதி கிளவுடிலோ, திருச்சி கோயம்புத்தூர் பக்கமோ இருக்கட்டும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி, செருகாததை வீட்டு பீரோவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்னால் ஒரு முழு இமேஜ் எடுத்துத் தனியாக ஒதுக்குங்கள், யூபிஎஸ் பேட்டரியையும் அப்போதே சோதியுங்கள்.

சர்வர் கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்த விஎம்மை முதலில் எழுப்பவேண்டும், அதன் ஐபி என்ன, பூட் யூஇஎஃப்ஐயா லெகசியா, ரெஸ்க்யூ பென் டிரைவ் எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிடவேண்டும். பிட்லாக்கர் சாவியும் பேக்கப் பாஸ்வேர்டும் அந்தத் தாளில் வேண்டாம், முதலாளி வீட்டில் ஒரு உறையிலும் கணக்காளரிடம் இன்னொரு உறையிலும் இருக்கட்டும்.